வீட்டுப் பட்டறையில் லட்சம் வோல்ட் செய்யலாம், 2,000 வோல்ட் வேண்டாம்

மன்னார்குடியில் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு எலெக்ட்ரிகல் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "பழைய இரும்புக் கடையில் மைக்ரோவேவ் அவன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று மலிவாகக் கிடைத்தது. வீட்டுக் கொல்லையில் அப்பாவின் பம்ப்செட் சாமான்கள் கிடக்கும் கொட்டகையில் வைத்து, பெரிய தீப்பொறி விடும் மெஷின் ஒன்று செய்து, டிசம்பரில் நாகப்பட்டினத்தில் நடக்கும் கண்காட்சிக்குக் கொண்டுபோகலாம் என்றிருக்கிறேன். வீட்டில் இ.எல்.சி.பி. (கரண்டு ஒழுகினால் தானே விழும் ஸ்விட்ச்) இருக்கிறது, ரப்பர் செருப்பும் போட்டுக்கொள்வேன். இது போதுமா? போதாது என்றால் வேறு என்ன செய்யலாம்?"

தம்பி, போதாது. அந்த டிரான்ஸ்ஃபார்மரை எடைக்கே திருப்பிப் போட்டுவிடுங்கள். ஆனால் உங்கள் ஆசையைக் கைவிடச் சொல்லவில்லை. 2,000 வோல்ட் தரும் அதை விட்டுவிட்டு, 1 லட்சம் வோல்ட்டுக்கு மேல் தரும் வேறொன்றைச் செய்யச் சொல்லப்போகிறேன். கேட்க முரணாக இருக்கும். காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், அதுதான் இந்த வேலைக்கே அடிப்படை.

மைக்ரோவேவ் டிரான்ஸ்ஃபார்மரின் செகண்டரியில், அதாவது கரண்டை வெளியே தரும் கம்பிச்சுருளில், சுமார் 2,000 வோல்ட் வரும். அதோடு அரை ஆம்பியரை மூச்சுவிடாமல் தரும். ஷார்ட் ஆனால் இன்னும் அதிகம். மனித உடம்பில் 10 மில்லி ஆம்பியர் அளவில் ஓடினாலே கைத் தசை இறுகிப் பிடித்த கம்பியை விட முடியாமல் போகும். 30 மில்லி ஆம்பியரைத் தாண்டிச் சில நொடி ஓடினால் இதயத் துடிப்பு தாறுமாறாகத் தொடங்கலாம். வீட்டு இ.எல்.சி.பி.யை 30 மில்லி ஆம்பியரில் விழச் செய்திருப்பது அதனால்தான்.

அந்த இ.எல்.சி.பி. ஏன் இங்கே உதவாது என்று பாருங்கள். அதற்குத் தெரிந்தது ஒரே ஒரு கணக்கு. ஃபேஸில் போன கரண்டும் நியூட்ரலில் திரும்பிய கரண்டும் சமமா என்று பார்க்கும். யாரோ ஒருவர் மூலமாக மண்ணுக்குக் கொஞ்சம் ஒழுகினால் கணக்கு இடிக்கும், உடனே விழும். டிரான்ஸ்ஃபார்மர் வைத்தவுடன் கதை மாறிவிடுகிறது. மெயின் கரண்டு நுழையும் பிரைமரிச் சுருளுக்குள் எவ்வளவு போனதோ அவ்வளவும் நியூட்ரலில் திரும்பிவிடும். செகண்டரியின் ஒரு முனை டிரான்ஸ்ஃபார்மரின் இரும்புச் சட்டத்திலேயே இணைந்திருக்கும். மறுமுனையை நீங்கள் தொட்டால், கரண்டு உங்கள் உடம்பு வழியாகப் போய்ச் சட்டத்துக்கே திரும்பும். அந்தச் சுற்று முழுவதும் செகண்டரிப் பக்கமே முடிந்துவிடுகிறது. இ.எல்.சி.பி.யின் கணக்கில் எந்தக் குறையும் தெரியாது. சரி, அதிகக் கரண்டு போனால் விழும் எம்.சி.பி. விழாதா? 2,000 வோல்ட்டில் 50 மில்லி ஆம்பியர் ஓடினால் 100 வாட். வீட்டில் ஒரு குண்டு பல்பு கூடுதலாக எரிந்தால் எம்.சி.பி. விழுமா? ஆளைக் கொல்லப் போதுமான கரண்டு, பலகையில் இருக்கும் எந்த ஸ்விட்சுக்கும் தெரியாமலே ஓடிக்கொண்டிருக்கும்.

ரப்பர் செருப்பு காலுக்குத்தான் காவல். ஒரு கை சட்டத்திலும் இன்னொரு கை ஒயரிலும் பட்டால் கரண்டு நெஞ்சு வழியாகக் குறுக்கே போகும், செருப்புக்கு அங்கே வேலையே இல்லை. அப்புறம், மைக்ரோவேவ் அவனுக்குள் அந்த டிரான்ஸ்ஃபார்மரோடு வரும், சார்ஜைச் சேர்த்துவைக்கும் கெப்பாசிட்டர். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் சார்ஜ் நிற்கலாம். உள்ளே அதை வடிக்கும் ரெசிஸ்டர் இருக்கும் என்று நம்பித் தொடாதீர்கள், அது அறுந்திருந்தால் வெளியிலிருந்து தெரியாது.

இதே டிரான்ஸ்ஃபார்மரை வைத்துப் பலகையில் மரக்கிளை மாதிரி கருக்கி ஓவியம் போடும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். அதைச் செய்து பார்த்துப் பல நாடுகளில் ஆட்கள் செத்திருக்கிறார்கள், அதில் பாதுகாப்பு தெரிந்த கைத்தொழில்காரர்களும் உண்டு. அமெரிக்க மரக் கடைசல்காரர்கள் சங்கமே தன் நிகழ்ச்சிகளில் அதைத் தடை செய்துவிட்டது. வீடியோவில் பிழைத்தவர்தான் பேசுவார், அதையும் ஞாபகம் வையுங்கள்.

ஆக, எத்தனை வோல்ட் என்ற கேள்வி மட்டும் போதாது. அந்த வோல்ட்டுக்குப் பின்னால் எவ்வளவு கரண்டு நிற்கிறது, எவ்வளவு ஆற்றல் சேர்ந்திருக்கிறது என்று கேட்க வேண்டும். 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் பக்கத்துக் களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் மேலே போன உயர் அழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் இறந்தது நம் பக்கத்தில் யாருக்கும் மறக்காது. அந்தக் கம்பிக்குப் பின்னால் ஒரு சப்-ஸ்டேஷனே இருக்கிறது. எத்தனை பேர் தொட்டாலும் வோல்ட் இறங்காது. வயலில் எலிக்கும் பன்றிக்கும் என்று 230 வோல்ட்டை நேராகக் கம்பியில் இழுத்துவிட்டு ஆளைக் காவு வாங்குகிறார்களே, அங்கேயும் இதேதான். கடையில் விற்கும் முறையான வேலி மெஷின் பல ஆயிரம் வோல்ட் தரும், ஆனால் நொடிக்கு ஒரு தடவை கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாகத் தட்டிவிட்டு நிறுத்திவிடும். மாடு மிரளும், சாகாது.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு பார்த்தால், வீட்டில் செய்ய ஏற்றது வான் டி கிராஃப் மின்னியற்றி. பிளஸ் டூ இயற்பியல் புத்தகத்தில் படத்தோடு இருப்பதுதான். ஒரு ரப்பர் பெல்ட் கீழிருந்து மேலே சார்ஜைச் சுமந்துகொண்டு போய் ஓர் உலோக உருண்டைக்குள் கொட்டும். உருண்டையில் சார்ஜ் ஏற ஏற வோல்ட் ஏறும். ராபர்ட் வான் டி கிராஃப் 1929-ல் பிரின்ஸ்டனில் முதலில் செய்தது ஒரு தகர டப்பா, ஒரு சின்ன மோட்டார், சில்லறைக் கடையில் வாங்கிய பட்டு ரிப்பன், இவ்வளவுதான். 80,000 வோல்ட்டோடு அது நின்றுபோனது. டப்பாவின் கூரான விளிம்பு வழியாகச் சார்ஜ் காற்றில் கசிந்ததுதான் காரணம். இந்தச் செய்தியை மனதில் வையுங்கள், கீழே மறுபடி வரும். 1933-ல் அவர் மாசச்சூசெட்ஸில் கட்டியதற்கு 15 அடி விட்டமுள்ள உருண்டைகள். அது இன்று பாஸ்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நீங்கள் 25 சென்டிமீட்டர் உருண்டை வைத்துக்கொள்ளுங்கள். காற்று சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 30,000 வோல்ட்டில் உடையும். அதை ஆரமான 12.5 சென்டிமீட்டரால் பெருக்கினால் 3,75,000 வோல்ட் உச்சவரம்பு. நம் கைவேலைக்கு அதில் பாதி வந்தால் மகிழ்ச்சி. 2 லட்சம் என்று வைப்போம். அந்த உருண்டையின் கெப்பாசிட்டன்ஸ், அதாவது சார்ஜைத் தாங்கும் திறன், சுமார் 14 பிக்கோ ஃபேரட், அதில் சேரும் ஆற்றல் கால் ஜூலுக்குச் சற்று மேல். கரண்டு எவ்வளவு? பெல்ட்டின் ஒரு சதுர மீட்டரில் 26 மைக்ரோ கூலும்புக்கு மேல் சார்ஜ் நிற்காது, மிஞ்சினால் காற்றிலேயே கசிந்துவிடும். 5 சென்டிமீட்டர் அகலப் பெல்ட் நொடிக்கு 4 மீட்டர் ஓடினால் அதிகபட்சம் 5 மைக்ரோ ஆம்பியர். அந்த மைக்ரோவேவ் டிரான்ஸ்ஃபார்மர் தருவதில் லட்சத்தில் ஒரு பங்கு. கையில் பட்டால் சுளீரென்று வலிக்கும், "ஐயோ" என்பீர்கள், சிரிப்பீர்கள்.

சாமான்களில் உருண்டைதான் கஷ்டம் என்று எல்லோரும் நினைப்பார்கள். கும்பகோணத்துப் பாத்திரக் கடையில் 10 அங்குல எவர்சில்வர் பேசின் இரண்டு, அடி நன்றாக வளைந்ததாகப் பார்த்து வாங்கி, வாயோடு வாய் சேர்த்தால் வேலை முடிந்தது. பித்தளையில் வேண்டுமென்றால் பட்டறையில் சொல்லிச் செய்யலாம், பார்க்க அழகு, மற்றபடி எவர்சில்வரே போதும். இரண்டு விளிம்பும் சேருமிடத்தில் அலுமினியம் ஃபாயில் டேப்பைச் சுருக்கமில்லாமல் ஒட்டித் தேய்த்துவிடுங்கள். உருண்டையைத் தாங்கும் பைப் நுழைய அடியில் வெட்டும் ஓட்டையில்தான் முக்கால்வாசிப் பேர் தோற்பார்கள். வெட்டின விளிம்பு அரம் மாதிரி நிற்கும். அதை உள்பக்கமாக வளைத்துவிட வேண்டும். வளையாவிட்டால் ஒரு ரப்பர் குழாயை நீளவாக்கில் கீறி விளிம்பில் மாட்டுங்கள். தகர டப்பாவுக்கு நேர்ந்த கதி உங்களுக்கு நேராது. சந்தேகமிருந்தால் இரவில் விளக்கை அணைத்துவிட்டு ஓட்டுங்கள். எங்கே ஊதா நிறத்தில் மங்கலாகப் புகைகிற மாதிரி ஒளி தெரிகிறதோ, உஸ்ஸென்று சத்தம் கேட்கிறதோ, அங்கே கூர் இருக்கிறது. எந்த மீட்டரும் இவ்வளவு சரியாகக் காட்டாது.

பெல்ட்டுக்கு சைக்கிள் டியூபை வெட்டிப் போடாதீர்கள். முதலில் எல்லோர் கையும் அதற்குத்தான் போகும். கறுப்பு ரப்பரில் கார்பன் கலந்திருக்கும், சார்ஜ் அதன் வழியாகவே இறங்கிவிடும். பிசியோதெரபிக்குக் கொடுக்கும் வண்ண ரப்பர் பட்டை மெடிக்கல் கடையில் கிடைக்கும், அது நன்றாக வேலை செய்யும். சரிவாக வெட்டி, ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனால் ஒட்டுங்கள். நேராக வெட்டி ஒட்டினால் ஒவ்வொரு சுற்றிலும் இணைப்பு உருளையில் 'டப் டப்' என்று அடிக்கும்.

கீழேயும் மேலேயும் பெல்ட் சுற்றி ஓடும் உருளைகள் இரண்டும் இரண்டு பொருளில் இருக்க வேண்டும். ஒன்று நைலான், இன்னொன்று டெஃப்லான். ரப்பர் ஒவ்வொன்றிலும் உரசும்போது வேறு வேறு வகைச் சார்ஜ் உருவாகும், மெஷின் ஓடுவதே அந்த வித்தியாசத்தால்தான். லேத் பட்டறையில் கடைந்து வாங்கும்போது ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லுங்கள்: உருளை நேராக இருக்கக் கூடாது, தவில் மாதிரி நடுவில் லேசாகப் பெருத்திருக்க வேண்டும். அப்போதுதான் பெல்ட் நடுவிலேயே ஓடும். நேரான உருளையில் பெல்ட் ஓரத்துக்கு நழுவிப் பைப்பில் உரசிக் கிழியும். பெருத்தல் ஒரு மில்லிமீட்டர் இருந்தால் போதும்.

பெல்ட்டில் சார்ஜை ஏற்றவும் இறக்கவும், கீழேயும் மேலேயும் பெல்ட்டுக்கு எதிரே ஒரு சீப்பு. பல இழை ஒயரின் தோலை உரித்து இழைகளை விரித்துவிட்டாலே சீப்புதான். பெல்ட்டைத் தொடாமல் 2, 3 மில்லிமீட்டர் இடைவெளியில், சரியாக உருளைக்கு நேரே நிற்க வேண்டும். கீழ்ச் சீப்பை எர்த்தோடும் மேல்சீப்பை உருண்டையின் உள்பக்கத்தோடும் இணையுங்கள். இடையில் நிற்கும் பைப் வெள்ளை பி.வி.சி.யாகவோ அக்ரிலிக்காகவோ அரை மீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும், கறுப்பு வேண்டாம். மோட்டாருக்கு 12 வோல்ட் டி.சி. எடுத்து பேட்டரியிலேயே ஓட்டுங்கள். 25 மில்லிமீட்டர் உருளையை நிமிடத்துக்கு 3,000 சுற்று சுழற்றினால் நான் மேலே சொன்ன 4 மீட்டர் வேகம் வந்துவிடும். மெயின் கரண்டு இந்த மெஷினின் பக்கமே வர வேண்டியதில்லை. அடாப்டர் வைத்தால் தீப்பொறி அதைத்தான் முதலில் பதம் பார்க்கும்.

இப்போது நம் ஊர்ப் பிரச்சினைக்கு வருகிறேன். இந்த மெஷினுக்கு எதிரி ஈரம். ஈரக்காற்று கரண்டைக் கடத்திவிடும் என்று பலரும் சொல்வார்கள், அது சரியில்லை. பெல்ட்டின் மேலும் பைப்பின் மேலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு நீர்ப்படலம் படியும், அதில் தூசியும் விரல் எண்ணெயும் கரைந்திருக்கும். சார்ஜ் இறங்குவது அந்தப் படலம் வழியாக. கடலோரம் என்றால் உப்பும் சேரும். வேதாரண்யத்திலும் நாகப்பட்டினத்திலும் காலையில் துடைத்த பைப் மதியத்துக்குள் மறுபடி பிசுபிசுக்கும். ஆனி, ஆடியில் மேல்காற்று அடிக்கும் மதிய நேரத்தில் தஞ்சாவூர்ப் பக்கம் இதே மெஷின் துள்ளி விளையாடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதே மெஷின் முனகிக்கொண்டு நிற்கும். உங்கள் கண்காட்சி டிசம்பரில், அதுவும் நாகையில். ஆகவே மெஷினை அதற்கென்றே தயார் செய்யுங்கள்.

காற்றில் ஈரம் இருந்தாலும் மேற்பரப்பு கொஞ்சம் சூடாக இருந்தால் படலம் படியாது. அடிப்பெட்டிக்குள் ஒரு 60 வாட் குண்டு பல்பை, பெல்ட்டில் படாத தூரத்தில் வைத்து, ஓட்டுவதற்கு அரை மணி முன்னால் எரியவிடுங்கள். வெதுவெதுப்பான காற்று பைப்புக்குள் ஏறிப் பெல்ட்டை உலர்த்திவிடும். ஓட்டும்போது பல்பை அணைத்துப் பிளக்கையும் எடுத்துவிடுங்கள். வெளிப்பக்கத்துக்கு ஹேர் டிரையர். பைப்பைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்த பிறகு வெறுங்கையால் தொடாதீர்கள். துடைத்த ஆல்கஹால் முழுவதும் ஆவியாகிப் போன பின்புதான் ஓட்ட வேண்டும். அரங்கில் ஏ.சி. அறை கிடைத்தால் சண்டை போட்டாவது அந்த இடத்தை வாங்குங்கள். மழைக்காலத்தில் ஒரே ஒரு லாபம் உண்டு: எர்த். நனைந்த வண்டல் மண்ணில் ஜன்னலுக்கு வெளியே மூன்றடிக் கம்பியை அடித்தாலே நமக்குப் போதுமான எர்த் கிடைத்துவிடும்.

ஆபத்தே இல்லாத மெஷின் என்று நினைத்துவிடாதீர்கள். கால் ஜூல் தீப்பொறி மனிதனுக்குச் சின்ன விஷயம், பெட்ரோல் ஆவிக்கு அது மிகப் பெரிது. ஒரு மில்லி ஜூலில் கால்பங்கே அதைப் பற்றவைக்கப் போதும். உங்கள் கொட்டகையில் மருந்தடிக்கும் மெஷினின் பெட்ரோல் கேன், தின்னர், ஒரு மூலையில் வைக்கோல் எல்லாம் இருக்கும் என்று ஊகிக்கிறேன். முதலில் அவற்றை வெளியே எடுங்கள், அல்லது இந்த வேலையை வீட்டுத் திண்ணைக்கு மாற்றுங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் பக்கத்தில் வரக் கூடாது. கண்காட்சியில் அதை எழுதியே மாட்டிவிடுங்கள். செல்போனை இரண்டு மீட்டராவது தள்ளி வையுங்கள். நீளமான பிளாஸ்டிக் பிடியுள்ள ஒரு சின்ன உருண்டையை எர்த் ஒயரில் இணைத்து வைத்துக்கொண்டு, மோட்டாரை நிறுத்தியதும் அதனால் பெரிய உருண்டையைத் தொட்டு இறக்கிவிடுங்கள். உருண்டையோடு லைடன் ஜாடி (சார்ஜைச் சேர்த்துவைக்கும் கண்ணாடி ஜாடி) மாதிரி எதையும் இணைத்து "பொறியைப் பெரிதாக்க" வேண்டாம். ஆயிரம் பிக்கோ ஃபேரட் ஜாடி ஒன்றை லட்சம் வோல்ட்டுக்கு ஏற்றினால் 5 ஜூல். இத்தனை நேரம் சொன்ன பாதுகாப்புக் கணக்கெல்லாம் அங்கேயே முடிந்துவிடும்.

பார்வையாளர்கள் தலைமுடியை நிற்கவைத்துக் காட்டச் சொல்வார்கள். செய்யலாம். பிளாஸ்டிக் முக்காலியில் ஏறி நின்று, மெஷின் ஓடுவதற்கு முன்பே உருண்டையில் கை வைத்துவிட வேண்டும். ஓடும்போது கையை எடுத்து எடுத்து வைத்தால் ஒவ்வொரு தடவையும் சுளீர்தான். தேங்காயெண்ணெய் வழிய வாரிப் பின்னிய முடி எந்த வோல்ட்டுக்கும் எழாது. முதல் நாள் தலைக்குக் குளித்த ஆளைப் பிடியுங்கள்.

இவ்வளவு செய்தும் அன்றைக்கு மழை கொட்டினால் வான் டி கிராஃப் மானத்தை வாங்கலாம். அதனால் மேசையில் இன்னொன்றும் இருக்கட்டும்: 12 வோல்ட்டில் ஓடி உயர் வோல்ட் உண்டாக்கும் கம்பிச்சுருளான சின்ன டெஸ்லா சுருள். இணையத்தில் ஸ்லேயர் எக்சைட்டர் என்று தேடினால் சுற்றுப்படம் கிடைக்கும். ஒரு டிரான்சிஸ்டர், ஒரு ரெசிஸ்டர், ஒரு எல்.இ.டி., கொஞ்சம் தாமிரக் கம்பி, வேறொன்றும் இல்லை. ஈரத்தைப் பற்றி அது கவலைப்படாது. மோட்டார் வைண்டிங் கடை நம் பக்கம் ஊருக்கு ஊர் இருக்கிறது, 30 கேஜ் எனாமல் கம்பி 100 கிராம் கேளுங்கள், எடைக்குத்தான் தருவார்கள். 63 மில்லிமீட்டர் பைப்பில் 500 சுற்று, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் ஒட்டி ஒட்டிச் சுற்றினால் ஒரு சாண் உயரம் கூட வராது. 100 மீட்டர் கம்பிக்குள் முடிந்துவிடும். மேலே வைண்டிங் வார்னிஷ் ஒரு பூச்சு. அதன் அடியைச் சுற்றித் தடித்த ஒயர் 4 சுற்று. பவர் கொடுத்தும் ஒன்றும் நடக்கவில்லையென்றால் அந்தத் தடித்த ஒயரின் இரண்டு முனையையும் மாற்றிப் போடுங்கள், பத்துக்கு எட்டு தடவை கோளாறு அதுதான். டிரான்சிஸ்டருக்கு ஹீட் சிங்க் (சூட்டை இறக்கும் உலோகத் தகடு) போட மறக்காதீர்கள்.

பழைய சி.எஃப்.எல். பல்பை எந்த ஒயரும் இல்லாமல் கையில் பிடித்து அதன் பக்கத்தில் கொண்டுபோனால் எரியும். நாகையில் உங்கள் மேசையைச் சுற்றிப் பிள்ளைகள் கூடுவது அதற்காகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆளுக்கொரு பல்பாகக் கொடுத்துவிடுங்கள், சுருளின் உச்சி முனையில் மட்டும் விரல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சின்னதாகச் சுடும்.